தேர்ந்த படையா, பெருங்கூட்டமா? பழங்காலப் போர் விளையாட்டில் பாயிண்ட் விலை

கேடயச்சுவர் எழுதியது:

வணக்கம். பழங்காலப் படைகளுக்காக, 15 மி.மீ. பொம்மைகளை வைத்து விளையாட ஒரு விதித்தொகுப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் ஓரளவு நிற்கிறது. தேர்ந்த படைக்கும், ஊர் ஊராகத் திரட்டிய பயிற்சியற்ற படைக்கும் என்ன விலை வைப்பது என்ற இடத்தில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

விதிகள் சுருக்கமாக: 40 மி.மீ. பேஸ் (பொம்மைகளை ஒட்டிய அடித்தட்டு) இரண்டைப் பக்கத்தில் பக்கமாக வைத்தால் ஒரு யூனிட், ஆக முகப்பு 80 மி.மீ. கைகலப்பில் தேர்ந்த யூனிட்டுக்கு 7 பகடை, திரட்டு யூனிட்டுக்கு 5. இரண்டுக்கும் 4+ (4 அல்லது அதற்கு மேல்) விழுந்தால் அடி. விழுந்த அடியைத் தேர்ந்த யூனிட் 4+ போட்டுத் தடுக்கும். திரட்டு யூனிட்டுக்கு 6 விழுந்தால்தான் தடுப்பு. 6 அடி சேர்ந்தால் யூனிட் உடைந்து மேசையை விட்டுப் போகும். அதுவரை பகடை எண்ணிக்கை குறையாது. நகர்வு சுற்றுக்கு 15 செ.மீ. உத்தரவு பலிக்க இரண்டு பகடையின் கூட்டு: தேர்ந்த படைக்கு 8 அல்லது அதற்குக் கீழ், திரட்டுப் படைக்கு 7 அல்லது அதற்குக் கீழ். மூன்றில் ஒரு பங்கு யூனிட் உடைந்தால் அந்தப் படை தோற்றது. மன உறுதிச் சோதனை இன்னும் எழுதவில்லை.

இருவரும் ஒரே மொத்தப் பாயிண்டுக்குப் படை வாங்க வேண்டும். ஒரு தேர்ந்த யூனிட்டின் விலை 14, திரட்டு யூனிட்டின் விலை 7 என்று வைத்திருக்கிறேன். 168 பாயிண்டுக்கு 12 தேர்ந்த யூனிட், அல்லது 24 திரட்டு யூனிட். மேசை 180 × 120 செ.மீ.

இருபுறமும் காடும் குன்றும் நெருக்கும் மேசையில் தேர்ந்த படை எதிரியை நொறுக்கித் தள்ளுகிறது. வெட்டவெளியில் அதே 12 யூனிட் சுற்றிவளைக்கப்பட்டு அழிகிறது. விலையை 16 ஆக ஏற்றினால் வெட்டவெளியில் நிலைமை இன்னும் மோசம். 12 ஆக இறக்கினால் நெருக்கமான மேசையில் எதிராளி உட்காரவே வேண்டியதில்லை. சரியான எண் என்று ஒன்று உண்டா, இல்லை அடிப்படையிலேயே ஏதோ தவறா?


ஆறுமுகப்பகடை எழுதியது:

ஒற்றை எண் கிடையாது. ஏன் கிடையாது என்பதை உங்கள் விதிகளை வைத்தே காட்டிவிடலாம்.

ஒரு சுற்றில் தேர்ந்த யூனிட் கொடுக்கும் சராசரி அடி: 7 × 1/2 × 5/6 = 2.92. திரட்டு யூனிட் கொடுப்பது: 5 × 1/2 × 1/2 = 1.25. விகிதம் 2.33.

திரட்டு யூனிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நேருக்கு நேர் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்த யூனிட் உடைய 4.8 சுற்று ஆகும். அதற்குள் அது 14 அடி கொடுத்திருக்கும். அதாவது இரண்டு யூனிட் உடைந்து, மூன்றாவதின் மேல் 2 அடி. இந்த நிலையில் ஒரு தேர்ந்த யூனிட்டின் மதிப்பு 2.33 திரட்டு யூனிட்.

இப்போது இரண்டு திரட்டு யூனிட் ஒரே சமயத்தில் அடிக்கின்றன, ஒன்று முன்னால், இன்னொன்று பக்கவாட்டில். சுற்றுக்கு 2.5 அடி விழும். முதல் திரட்டு யூனிட் உடைய 2 சுற்றுக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரத்தில் தேர்ந்த யூனிட்டின் மேல் 5 அடி ஏறியிருக்கும். மிச்சம் இருக்கும் கொஞ்ச உயிரில் இரண்டாவதின் மேல் 2 அடி வைத்துவிட்டு உடையும். மொத்தமாக அது கொடுத்தது 8 அடிதான். அதே வீரர்கள், அதே பகடை; எதிரி எப்படி வந்தான் என்பதால் மட்டும் 14 அடி 8 அடியாகச் சுருங்கிவிட்டது. பக்கவாட்டில் அடிபட்டால் பகடை குறையும் என்று விதி வைத்திருந்தால் இன்னும் கீழே போகும்.

முதல் உலகப்போர்க் காலத்தில் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதைத்தான் இரண்டு விதிகளாக எழுதினார். ஒருவனை ஒருவன் மட்டுமே எதிர்க்க முடிகிற போரில் படையின் பலம் தரம் × எண்ணிக்கை. எல்லோரும் எல்லோரையும் அடிக்க முடிகிற போரில் தரம் × எண்ணிக்கையின் வர்க்கம். அப்படிப் பார்த்தால், எல்லோரும் ஒரே சமயத்தில் அடிக்க முடிகிற உச்ச நிலையில் உங்கள் தேர்ந்த யூனிட்டின் மதிப்பு 2.33-இன் வர்க்கமூலம், அதாவது 1.53.

உங்கள் விலை விகிதம் 2. அது 1.53-க்கும் 2.33-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நெருக்கமான மேசையில் தேர்ந்த படை மலிவாகவும் வெட்டவெளியில் விலை கூடியதாகவும் தெரிவது இதனால்தான். விதியில் பிழை இல்லை.

மேசையில் அளந்து பாருங்கள். 12 யூனிட் ஒரே வரிசையில் நின்றால் 96 செ.மீ. மேசை 180. இருபுறமும் 42 செ.மீ. திறந்து கிடக்கிறது, பக்கத்துக்கு 5 திரட்டு யூனிட் பிதுங்கி நிற்கலாம். எதிராளி 22 யூனிட்டை ஒரே வரிசையில் நிறுத்தி, 2 யூனிட்டை மட்டும் பின்னால் வைப்பார். இருபுறமும் 30 செ.மீ. அடைத்தால் திறந்த அகலம் 120. இப்போது வரிசையில் 15 யூனிட். 9 யூனிட் பின்னால் தம் முறைக்குக் காத்திருக்கும். காத்திருப்பவன் அடிப்பதில்லை.

ஆகவே விலை போட வேண்டியது வீரனுக்கு அல்ல, முகப்புக்கு. தேர்ந்த படையை வாங்குபவர் வாங்குவது, இத்தனை செ.மீ. வரிசையை மெல்லிசாக நிறுத்தினாலும் உடையாது என்ற உறுதியை. அந்த மெல்லிய வரிசையின் இரு முனைகளையும் மூட வழி இல்லாத மேசையில் வாங்கிய காசு வீண்.


இரண்டாம்வரிசை எழுதியது:

ஆறுமுகப்பகடை கணக்கு சரிதான். ஆனா அந்த 1.53 மேசையில வராது. பக்கவாட்டுல நிக்கிற அஞ்சு யூனிட்டும் முதல் சுற்றுலயே அடிக்க வந்துடும்னு அந்தக் கணக்கு நினைக்குது. வராது. அங்க போய்ச் சேரவே நேரம் ஆகும்.

அஞ்சு யூனிட் சேர்ந்த ஒரு குழுவை உள்பக்கமா 90 டிகிரி திருப்பணும்னா, குழுவோட அகலம் 40 செ.மீ. வெளி முனை நடக்கிற வளைவு 40 × 1.57, கிட்டத்தட்ட 63 செ.மீ. சுற்றுக்கு 15 செ.மீ. நகர்வுன்னா நாலு சுற்றுக்கு மேல. அதுவும் ஒவ்வொரு உத்தரவும் பலிச்சா. திரட்டுப் படைக்கு 7-க்குள்ள விழணும், அது 36-ல 21, அதாவது 58 சதவீதம். நாலு சுற்று வேலை ஏழு சுற்று ஆகும். அதுக்குள்ள முன்வரிசையில தேர்ந்த யூனிட்டுகள் ஆளுக்கு ரெண்டு திரட்டு யூனிட்டைத் தாண்டிப் போயிருக்கும்.

தனித்தனி யூனிட்டா திருப்பினா வளைவு 13 செ.மீ. கூட இல்ல, ஒரே சுற்றுல முடியும். ஆனா ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு உத்தரவு, கோணல் மாணலா நிக்கும், நடுவுல இடைவெளி விழும். ரெண்டு யூனிட் குழுன்னா அகலம் 16, வளைவு 25 செ.மீ., ரெண்டு சுற்று. நடைமுறையில நேரத்துக்கு வந்து உதவுறது பக்கத்துக்கு ரெண்டு யூனிட்தான். மூணாவது அதிர்ஷ்டம். நாலாவதும் அஞ்சாவதும் வேடிக்கை பார்க்கும்.

அதனால வெட்டவெளி மேசையில கூட உண்மையான மதிப்பு 1.8 பக்கம் இருக்கும்னு என் கணிப்பு. அப்படியும் வெட்டவெளியில தேர்ந்த படை சுத்தமா அழியுதுன்னா ரெண்டு இடத்தைப் பாருங்க.

ஒண்ணு, உங்க விதியில எத்தனை யூனிட் வேணும்னாலும் ஒரே குழுவா ஒரே உத்தரவுல நகரலாமா? அப்படின்னா 22 யூனிட் ஒரே பகடையில நகருது. பெருங்கூட்டத்தோட பெரிய பலவீனத்தை இலவசமா மன்னிச்சிட்டீங்க. திரட்டுப் படைக்குக் குழு வரம்பு 5 யூனிட், தேர்ந்த படைக்கு 8 யூனிட்னு வையுங்க. குழுவுக்குள்ள ஒரு புதரோ பாறையோ வந்து வரிசை கலைஞ்சா குழு ரெண்டாப் பிரியணும். 1990-ல வந்த டிபிஏங்கிற விதித்தொகுப்பு இதை அழகா செய்யுது: ஒரு பக்கத்துக்கு 12 எலிமெண்ட் (நம்ம யூனிட் மாதிரி), சுற்றுக்கு ஒரே ஒரு ஆறுமுகப் பகடை, விழுந்த எண்ணுக்கு அத்தனை நகர்வு. வரிசை ஒழுங்கா இருக்கிற வரைக்கும் ஒரு புள்ளி போதும். கலைஞ்சா ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ளி.

ரெண்டாவது, தேர்ந்த படையை ஆடுறவர் 12-யும் ஒரே நேர்க்கோட்டுல நிறுத்துறாரா? அது தவறு. நடுவுல 8, ரெண்டு முனையிலயும் பின்னால ரெண்டு ரெண்டா வெளிப்பக்கம் பார்த்து நிறுத்தணும். முகப்பு 64 செ.மீ.யா சுருங்கும், எதிரி இன்னும் அதிகமா பிதுங்குவான். பிதுங்கட்டும். சுத்தி வர்றவன் இப்ப சந்திக்கிறது பக்கவாட்டை இல்ல, இன்னொரு முகப்பை. இதுல வழக்கமா கெடுறது ஒரு இடத்துல: பக்கக் காவல் யூனிட்டை முனை யூனிட்டோட ஒட்டி வச்சிடுவாங்க. முனை யூனிட் ஜெயிச்சு முன்னேறினதும் நடுவுல 8 செ.மீ. ஓட்டை விழும், அதுக்குள்ள ஒரு திரட்டு யூனிட் நுழையும். காவல் யூனிட்டை ஒரு பேஸ் ஆழம் பின்னால வச்சு, முனை யூனிட் முன்னேறும்போது அதுவும் உத்தரவு இல்லாம கூடவே நகரலாம்னு ஒரு விதி எழுதிடுங்க.


கேடயச்சுவர் எழுதியது:

குழு வரம்பு இல்லை. 22 யூனிட்டும் ஒரே உத்தரவில்தான் நகர்கின்றன. அதைத் திருத்துகிறேன்.

இன்னொரு கேள்வி. தரத்தை எந்த வழியில் காட்டுவது? இப்போது பகடை எண்ணிக்கை, தடுப்பு என்ற இரண்டிலும் காட்டுகிறேன். பேசாமல் அடிக்கும் எண்ணில் +1 கொடுக்கலாமா, ரீரோல் (மீண்டும் உருட்டும் உரிமை) கொடுக்கலாமா?


ஆறுமுகப்பகடை எழுதியது:

இரண்டும் ஒன்றல்ல, பலன் விழும் இடம் வேறு.

+1 என்பதன் மதிப்பு, ஏற்கெனவே எவ்வளவு கடினம் என்பதைப் பொறுத்து மாறும். 6+ வேண்டிய இடத்தில் 5+ ஆக்கினால் அடி இரட்டிப்பு. 5+ ஐ 4+ ஆக்கினால் ஒன்றரை மடங்கு. 4+ ஐ 3+ ஆக்கினால் 1.33. 3+ ஐ 2+ ஆக்கினால் 1.25. குன்றின் மேல் நிற்பவனை அடிப்பது, அரண் மேல் ஏறுவது மாதிரி கடினமான இடங்களில் +1 வாங்கிய படை எதிர்பாராத அளவுக்கு வலுப்பெறும்.

1 விழுந்தால் மீண்டும் உருட்டலாம் என்ற ரீரோல் அப்படி இல்லை. எந்த எண் வேண்டியிருந்தாலும் பலன் சரியாக 7/6 மடங்கு. 1, 2 இரண்டுக்கும் ரீரோல் என்றால் 8/6 மடங்கு (2+ வேண்டிய இடம் மட்டும் விலக்கு, அங்கே 2 விழுந்தாலே அடி, அதை யாரும் எடுத்து உருட்ட மாட்டார்கள்). இவ்வளவு சீராக இருப்பதால் விலை போடுவது எளிது. 2008-இல் வந்த ஃபீல்டு ஆஃப் குளோரி என்ற விதித்தொகுப்பில் தரம் இப்படித்தான் வரும்: உச்சப் படை 1, 2 இரண்டையும், அடுத்த படி 1-ஐ மட்டும் மீண்டும் உருட்டும், தாழ்ந்த படை 6 விழுந்தால் அதையே மீண்டும் உருட்ட வேண்டும்.

அந்தக் கடைசி விதியை எடுத்தாள நினைத்தால் கவனம் தேவை. 6-ஐ மீண்டும் உருட்டுவது சீரானதல்ல. 4+ வேண்டிய இடத்தில் திரட்டுப் படையின் வாய்ப்பு 1/2-இலிருந்து 5/12 ஆகும், தாங்கலாம். 5+ வேண்டிய இடத்தில் 1/3 என்பது 2/9 ஆகிவிடும். 6 மட்டுமே அடி என்ற இடத்தில் 1/6 என்பது 1/36. அங்கே அந்தப் படை இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசமில்லை. உங்கள் திரட்டு யூனிட் 6 விழுந்தால்தான் தடுக்கிறது. அந்தத் தடுப்புப் பகடைக்கும் இந்த ரீரோலைப் போட்டுவிடாதீர்கள்.

ஆளுக்கு ஒரு பகடை, அவரவர் எண்ணைக் கூட்டி ஒப்பிடும் முறைக்கு மாற நினைத்தால் ஒவ்வொரு +1-உம் இன்னும் கனமானது. சம பலத்தில் 36-க்கு 15 வெற்றி, 15 தோல்வி, 6 சமன். +1 இருந்தால் 21 வெற்றி, 10 தோல்வி. +2 என்றால் 26-க்கு 6. +3 என்றால் 30-க்கு 3. வெற்றி தோல்வி விகிதம் 1, 2.1, 4.3, 10 என்று ஒவ்வொரு படியிலும் இரட்டிப்புக்கு மேல் தாவுகிறது. ஆனால் பலரும் +1-க்கு 2 பாயிண்ட், +2-க்கு 4, +3-க்கு 6 என்று நேராக ஏற்றுகிறார்கள். அந்த விலைப்பட்டியலில் உச்சியில் இருக்கும் யூனிட்தான் எப்போதும் மலிவு. புத்திசாலி ஆட்டக்காரர் அதை மட்டும் வாங்குவார்.

உங்கள் நிலையில் நான் பகடை எண்ணிக்கையை இருவருக்கும் 6 ஆக்கி, தடுப்பு வித்தியாசத்தை அப்படியே விட்டு, தேர்ந்த படைக்கு 1-இல் ரீரோல் கொடுப்பேன். 6 × 7/12 × 5/6 = 2.92. திரட்டு யூனிட் 6 × 1/2 × 1/2 = 1.5. விகிதம் 1.94. மோதலின் முதல் சுற்றில் மட்டும் 1, 2 இரண்டுக்கும் ரீரோல் என்றால் தேர்ந்த படையின் பாய்ச்சலும் கண்ணில் தெரியும்.


வேல்முனை எழுதியது:

கைகலப்புக் கணக்கை எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்தாலும், மன உறுதி விதி எழுதும் நாளில் அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இன்னும் எழுதவில்லை என்கிறீர்கள். எழுதும் முன் இதைப் பாருங்கள்.

வழக்கமான விதி: ஒரு யூனிட் உடைந்தால் ஒட்டி நிற்கும் யூனிட்டுகள் இரண்டு பகடை உருட்டும், குறித்த எண்ணை எட்டாவிட்டால் அவையும் உடையும், அவற்றை ஒட்டியவை மீண்டும் சோதிக்கும். நீண்ட வரிசையில் இது இருபுறமும் சரிந்துகொண்டே போகும். தவறும் வாய்ப்பு p என்றால் ஒரு பக்கம் கூடுதலாக உடையும் சராசரி p / (1 − p).

திரட்டுப் படைக்கு 7+ வேண்டும் என்று வையுங்கள். தவறுவது 36-க்கு 15. ஒரு பக்கம் 0.71, இருபுறமும் 1.43. ஒரு யூனிட்டை உடைத்தால் சராசரியாக 2.43 யூனிட் போகும். 8+ என்று ஒரே ஒரு எண் கூட்டினால் தவறுவது 36-க்கு 21. ஒரு பக்கம் 1.4, இருபுறமும் 2.8. ஒன்றை உடைத்தால் 3.8 யூனிட் போகும். தேர்ந்த படைக்கு 5+ என்றால் தவறுவது 36-க்கு 6. இருபுறமும் சேர்த்து 0.4 மட்டுமே. கைகலப்பில் 2.33 என்று கணக்குப் போட்ட விகிதம் இங்கே சத்தமில்லாமல் 4, 6 என்று போய்விடும். பெருங்கூட்டம் எந்த மேசையிலும் வெல்லாது.

சங்கிலியை அறுப்பதுதான் வழி. கைகலப்பில் ஒரு யூனிட் உடைந்தால் மட்டும் ஒட்டி நிற்பவற்றுக்குச் சோதனை. சோதனையில் தவறி உடைந்த யூனிட்டுக்காக அதே சுற்றில் யாரும் உருட்ட வேண்டாம். அப்போது கூடுதல் இழப்பு 2p தான்: 7+ என்றால் 0.83. பயம் பரவுவது மேசையில் தெரியும், ஆனால் ஒரே பகடையில் ஆட்டம் முடியாது. கூடவே, தேர்ந்த யூனிட் தன்னைவிடத் தாழ்ந்த யூனிட் உடைவதற்குச் சோதிக்கத் தேவையில்லை என்றும் வைக்கலாம். திரட்டு யூனிட்டோ தேர்ந்த யூனிட் உடைவதைப் பார்த்தால் ஒரு எண் கூடுதலாகப் போட வேண்டும்.

அடுத்தது உங்கள் தோல்வி எல்லை. மூன்றில் ஒரு பங்கு யூனிட் என்பது ஒரே தரப் படைகளுக்குச் சரி: 12-க்கு 4, 24-க்கு 8, இரண்டும் 56 பாயிண்ட். கலப்புப் படை வந்தால் உடையும். 8 தேர்ந்த யூனிட் 112 பாயிண்ட், 8 திரட்டு யூனிட் 56, மொத்தம் அதே 168. யூனிட் 16, தோல்விக்கு 6 உடைய வேண்டும். ஆட்டக்காரர் அந்த 8 திரட்டு யூனிட்டையும் மேசை ஓரத்தில் பத்திரமாக நிறுத்திவிடுவார். தேர்ந்த யூனிட் எட்டில் ஆறு செத்தால்தான் அவர் தோற்பார். இப்படி நிரப்பும் யூனிட்டுகள் சண்டைக்கு வருவதே இல்லை. தோல்வி எல்லையைத் தள்ளிப்போடத்தான் வாங்கப்படுகின்றன. எல்லையைப் பாயிண்டில் வையுங்கள்: 56 பாயிண்ட் உடைந்தால் தோல்வி. 4 தேர்ந்த யூனிட்டோ, 8 திரட்டு யூனிட்டோ, கலந்தோ, எதுவானாலும் கணக்கு நேராக இருக்கும்.


கூடாரக்காவல் எழுதியது:

வரலாற்றுச் சண்டைகளை ஆடும்போது பாயிண்டைத் தூக்கி வைத்துவிட்டு முகப்பிலிருந்து தொடங்குவது நல்லது. கி.மு. 48-இல் சீசரும் இன்னொரு ரோமானியத் தளபதியான பாம்பேயும் (Pompey) மோதிய ஃபார்சாலஸை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த விவாதத்துக்கென்றே நடந்தது போன்ற சண்டை. சீசர் தாமே தரும் எண்கள்: அவர் பக்கம் 80 கோஹார்ட் (ரோமானியக் காலாட்படைப் பிரிவு), 22,000 பேர், குதிரைப்படை 1,000. பாம்பேயின் பக்கம் 110 கோஹார்ட், 45,000 பேர், குதிரைப்படை 7,000. சீசரின் கோஹார்ட் சராசரி 275 பேர், பாம்பேயினுடையது 409. எதிரியின் எண்ணை அவர் ஏற்றிச் சொல்லியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிப்பதுண்டு. ஆட்டத்துக்கு இந்த விகிதம் போதும்.

6 கோஹார்ட்டுக்கு ஒரு யூனிட், 1,000 குதிரைக்கு ஒரு யூனிட் என்று வையுங்கள். சீசருக்கு 13 காலாள், 1 குதிரை. பாம்பேக்கு 18 காலாள், 7 குதிரை. களத்தின் ஒரு பக்கம் ஆறு ஓடுகிறது. அங்கே சுற்றி வர வழியில்லை. எனவே பாம்பேயின் குதிரை ஏறத்தாழ முழுவதும் அவருடைய இடப்பக்கம். பாம்பே காலாளை 9-9 என இரண்டு வரிசை. சீசர் அதே 9 யூனிட் முகப்புக்கு நின்று, பின்னால் 3. மீதமுள்ள 1 யூனிட்தான் அந்தப் பிரபலமான நான்காம் வரிசை, 6 கோஹார்ட். குதிரைப்படைக்குப் பின்னால் சாய்வாக, எதிரிக்குத் தெரியாமல்.

இங்கே தரத்தால் கிடைத்த லாபம் என்ன? எதிரியின் முகப்பு நீளத்துக்கு ஈடாக மெல்லிய வரிசையை நீட்ட முடிந்ததும், அப்படி நீட்டியும் கையில் ஒரு யூனிட் மிஞ்சியதும். அந்த ஒரு யூனிட் குதிரையை விரட்டிவிட்டு, பாம்பேயின் காலாள் பக்கவாட்டில் திரும்பியது. சீசரின் 13 யூனிட்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஆடினால் குதிரைப்படை சுற்றி வந்து முடித்துவிடும். இந்தச் சண்டையை மேசையில் ஆடுபவர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். பாம்பேயின் காலாளுக்கு ஒரு கட்டாய விதியும் தேவை: எதிரி வந்து மோதும்வரை நகரக் கூடாது. அவர் அப்படித்தான் உத்தரவிட்டிருந்தார்.

கி.பி. 60 அல்லது 61-இல் பிரிட்டானிய அரசி பூடிகாவின் கிளர்ச்சிக்கு எதிராக ரோமானிய ஆளுநர் சூட்டோனியஸ் நின்ற இடம் இன்னும் எளிய உதாரணம். ஏறத்தாழ 10,000 ரோமானியர், குறுகிய வாயில் கொண்ட பள்ளத்தாக்கு, பின்னால் காடு. எதிரிக்குப் பின்னால் அவர்களுடைய வண்டிகளின் வரிசை. திறப்பு 50 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. அதை 6 தேர்ந்த யூனிட் அடைக்கும். பிரிட்டானியப் பக்கம் 30 யூனிட் கொடுத்தாலும் ஒரு நேரத்தில் 6 தான் அடிக்கும். வண்டிகளை அவர்களின் கடைசி வரிசைக்கு 20 செ.மீ. பின்னால் வையுங்கள், உடைந்து ஓடும் யூனிட் அங்கே முட்டி, வழியில் நிற்கும் யூனிட்டுக்கு ஒரு அடி கொடுக்கும். இந்த ஆட்டத்தில் பிரிட்டானியர் வெல்வது அரிது. எத்தனை ரோமானிய யூனிட் உடைந்தது என்பதை வெற்றிக் கணக்காக வைத்தால் இருவருக்கும் ஆட வேலை இருக்கும்.

கார்த்தேஜின் தளபதி ஹானிபால் ரோமானியரை வென்ற கி.மு. 216 கன்னே சண்டை இதன் மறுபக்கம். பழங்கால வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்கில் ரோமானியக் காலாள் 80,000, ஹானிபாலுக்கு 40,000. ரோமானியர் வரிசையை அகலமாக்காமல் ஆழமாக்கினார்கள். இரண்டு மடங்கு ஆள் இருந்தும் முகப்பு அதற்கேற்ப நீளவில்லை. குதிரைப்படையில் மட்டும் ஹானிபாலுக்கு 10,000, ரோமானியருக்கு 6,000 சொச்சம். ரோமானியப் படையை மேசையில் 2 யூனிட் ஆழத்துக்கு மேல் கட்டாயமாக அடுக்கச் சொன்னால்தான் அந்தச் சண்டை வரும். சுதந்திரமாக நிறுத்தவிட்டால் எந்த ஆட்டக்காரரும் அகலமாகத்தான் நிறுத்துவார்.

இன்னொன்று: ஒரு திரட்டு யூனிட்டும் ஒரு தேர்ந்த யூனிட்டும் ஒரே எண்ணிக்கை ஆட்களைக் குறிக்க வேண்டியதில்லை. தேர்ந்த யூனிட் 500 பேர், திரட்டு யூனிட் 1,000 பேர் என்று வைத்தால், அதே 80 மி.மீ. முகப்பில் பின்னவர்கள் ஆழமாக நிற்கிறார்கள் என்று பொருள். மேசை நிறையப் பொம்மையும் வேண்டாம்.


கேடயச்சுவர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழு வரம்பு, பாயிண்டில் தோல்வி எல்லை, சங்கிலி இல்லாத மன உறுதிச் சோதனை, 1-இல் ரீரோல், நான்கையும் சேர்க்கிறேன். இவ்வளவும் மாறிய பிறகு எந்த விலையில் தொடங்கிச் சோதிப்பது?


இரண்டாம்வரிசை எழுதியது:

13-க்கு 7-ல தொடங்குங்க, விகிதம் 1.86. மொத்தம் 182 பாயிண்ட்னா 14 தேர்ந்த யூனிட்டுக்கு 26 திரட்டு யூனிட், மிச்சம் இல்லாம வரும்.

மூணு மேசையில சோதிங்க: இருபுறமும் அடைப்பே இல்லாதது, பக்கத்துக்கு 15 செ.மீ. அடைச்சது, பக்கத்துக்கு 30 செ.மீ. அடைச்சது. நடு மேசையில ரெண்டு பக்கமும் சமமா ஜெயிச்சா விலை சரி. முதல் மேசையில கூட்டமும் மூணாவதுல தேர்ந்த படையும் ஜெயிக்கிறது குறை இல்ல, அப்படித்தான் இருக்கணும். மேசையை யார் தேர்ந்தெடுக்கிறதுங்கிறதை விளையாட்டோட ஒரு பகுதி ஆக்குங்க: படைப் பட்டியலை ரெண்டு பேரும் எழுதி முடிச்ச பிறகுதான் எந்த மேசைன்னு பகடை போடணும். அப்பத்தான் கலப்புப் படை எடுக்க ஒரு காரணம் இருக்கும்.


ஆறுமுகப்பகடை எழுதியது:

சோதனை எண்ணிக்கை பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தாலும்கூட, 10 ஆட்டத்தில் ஒரு குறிப்பிட்ட பக்கம் 7 அல்லது அதற்கு மேல் வெல்லும் வாய்ப்பு 17 சதவீதம். ஏழுக்கு மூன்று என்று வந்ததும் விலையை மாற்றத் தொடங்கினால் பகடையின் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பீர்கள். முழு ஆட்டம் ஆடாமல், மோதல் மட்டும் நடத்துங்கள்: 4 தேர்ந்த யூனிட், எதிரே 4 திரட்டு யூனிட், பின்னால் 3, ஒரு பக்கம் தீரும்வரை பகடை. பத்து நிமிடத்தில் ஒன்று முடியும், 40 தடவை ஆடலாம். பிறகு அதே 7 திரட்டு யூனிட்டில் 2-ஐப் பக்கவாட்டில் வைத்து இன்னொரு 40. இரண்டு முடிவுக்கும் உள்ள தூரம்தான் உங்கள் மேசையில் பக்கவாட்டின் விலை.


இரண்டாம்வரிசை எழுதியது:

சேர்த்து ஒண்ணு. அடைப்பு வைக்கிற காடு, குன்று எல்லாம் மேசை ஓரத்தோட ஒட்டி இருக்கணும். ஓரத்துக்கும் காட்டுக்கும் நடுவுல 8 செ.மீ. விட்டாலே ஒரு யூனிட் அதுக்குள்ள போயிடும், 30 செ.மீ. அடைச்சதும் வீண். ஓரத்துல 6 செ.மீ.க்கு மேல இடைவெளி கூடாதுன்னு விதியிலயே எழுதிடுங்க.